21 நாள் ஊசி பத்து நாளிலேயே தீர்ந்துபோவது ஏன்? எண்ணெயில் போடும் ஹார்மோன் ஊசிகள் பற்றி

#1 தாமிரபரணி

வணக்கம். என் தம்பிக்கு 24 வயது. பத்தாம் வகுப்பு முடித்த பிறகும் அவனுக்குக் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை. "சில பையன்கள் மெதுவாகத்தான் வளர்வார்கள்" என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் நான்கு வருடம் போய்விட்டது. கடைசியில் ஒரு ஹார்மோன் மருத்துவர் பார்த்துவிட்டுக் கால்மன் சிண்ட்ரோம் என்றார். பருவமடையச் சொல்லி மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளை பிறவியிலேயே இல்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வாசனை தெரியாது. அதுவும் இதே குறைபாட்டின் பகுதிதான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது 21 நாளுக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் ஈனாந்தேட் என்ற ஆண் ஹார்மோன் ஊசி 250 மி.கி. போடுகிறோம். குரல் மாறிவிட்டது, தாடி வந்துவிட்டது, எல்லாம் நல்லதுதான். ஆனால் ஊசி போட்ட முதல் வாரம் துறுதுறுவென்று இருப்பான், சட்டென்று கோபம் வரும், முகமெல்லாம் பரு. இரண்டாம் வாரம் சாதாரணமாக இருப்பான். மூன்றாம் வாரம் ஆளே வேறு. வேலைக்குப் போய் வந்தால் படுத்துவிடுவான், யாரோடும் பேசமாட்டான். அம்மா "ஊசி உடம்பில் ஏறவில்லை" என்கிறார். மருந்துக் கடைக்காரர் "டூப்ளிகேட்டாக இருக்கும், கம்பெனியை மாற்றுங்கள்" என்றார். ஒருவர் டோஸை ஏற்றச் சொல்கிறார்.

எனக்கு இரண்டு கேள்வி. 21 நாள் ஊசி என்றால் 21 நாளும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டாமா? பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த "ஈனாந்தேட்" என்பது என்ன?

#2 பழைய மருந்தாளுநர்

தங்கை, மருந்து போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கம் அசல் மருந்திலும் இதே போலத்தான் வரும். ஊசி நன்றாகவே ஏறியிருக்கிறது. கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

குப்பியில் 250 மி.கி. என்று போட்டிருப்பது டெஸ்டோஸ்டிரோனும் அதில் ஒட்டியிருக்கும் ஈனாந்தேட் என்ற வாலும் சேர்ந்த எடை. டெஸ்டோஸ்டிரோனின் மூலக்கூறு எடை 288, வாலோடு சேர்த்தால் 400. அதாவது 100க்கு 72தான் ஹார்மோன். 250 மி.கி. ஊசியில் உண்மையான டெஸ்டோஸ்டிரோன் 180 மி.கி.

ஆரோக்கியமான ஓர் ஆணின் உடல் ஒரு நாளைக்குச் சுரப்பது 3 முதல் 10 மி.கி. வரை. 180ஐ 21 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு எட்டரை மி.கி. மொத்த அளவு சரியாகத்தான் இருக்கிறது. தகராறு பங்கீட்டில்.

ஈனாந்தேட் ஊசிக்கு அரை ஆயுள் சுமார் நாலரை நாள். உள்ளே இருப்பதில் பாதி நாலரை நாளில் வெளியே வந்துவிடும், மிச்சத்தில் பாதி அடுத்த நாலரை நாளில். இதை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டேன்:

முதல் வாரம் நாளுக்கு சராசரி 17 மி.கி.
இரண்டாம் வாரம் நாளுக்கு சுமார் 6 மி.கி.
மூன்றாம் வாரம் நாளுக்கு 2 மி.கி.

உங்கள் தம்பியின் மூன்று வாரங்களும் இதில் அப்படியே இருக்கின்றன. முதல் வாரம் தேவைக்கு இரண்டு மடங்கு, இரண்டாம் வாரம் இயல்பு, மூன்றாம் வாரம் பட்டினி. சாதாரண ஆளுக்கு ஊசி தீர்ந்தாலும் சொந்தச் சுரப்பு கொஞ்சமாவது கைகொடுக்கும். இவனுக்கு அதுவும் கிடையாது.

டோஸை ஏற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டு மடங்காக்கினாலும் மூன்றாம் வாரம் 4 மி.கி.தான் வரும், முதல் வாரமோ 34 ஆகிவிடும். அது தப்பான வழி. இடைவெளியைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் போடும் அளவையும் குறைப்பதுதான் பொதுவாகச் செய்வது. அதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த மூன்று வாரக் கதையை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள்.

#3 தாமிரபரணி

ஐயா, நன்றி. இந்தக் கணக்கைத் தம்பிக்குக் காட்டினேன். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ எனக்குப் பைத்தியம் இல்லை" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வால் என்று சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? வால் இல்லாமல் டெஸ்டோஸ்டிரோனை மட்டும் போட்டால் ஆகாதா?

#4 வேதியியல் டீச்சர்

இதை நான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு எஸ்டர் நடத்தும்போதெல்லாம் இந்த உதாரணத்தைச் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறேன், நேரம் கிடைத்ததில்லை.

ஓர் ஆல்கஹாலும் ஒரு கார்பாக்ஸிலிக் அமிலமும் கைகோத்து, நடுவிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு விலகினால் எஸ்டர். வாழைப்பழ வாசனை ஒரு எஸ்டர்தான். டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூறில் 17ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது, அது ஆல்கஹால் முனை. அங்கே ஓர் அமிலத்தைக் கட்டிவிடலாம். 3 கார்பன் அமிலத்தைக் கட்டினால் புரோப்பியோனேட். 7 கார்பன் என்றால் ஈனாந்தேட். 8 கார்பனும் வளையமும் இருந்தால் சைபியோனேட், 10 என்றால் டெக்கனோயேட், 11 என்றால் அன்டெக்கனோயேட். ஐயா சொன்ன வால் இதுதான்.

இந்த வாலுக்கு இரண்டு குணம். ஒன்று, வால் இருக்கும் வரை ஹார்மோன் வேலை செய்யாது. செல்லுக்குள் அது போய் உட்கார வேண்டிய இடத்தில் வாலோடு சரியாகப் பொருந்தாது. இரண்டாவது, வால் நீள நீள மூலக்கூறு எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரை வெறுக்கும். ஊசியில் இருக்கும் எண்ணெயே ஒரு எஸ்டர்தான், கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது. ஜாதி ஜாதியோடு சேர்கிறது.

இனி உடம்பில் நடப்பது. எண்ணெய் தசைக்குள் ஒரு சிறு குளமாகத் தங்குகிறது. சுற்றியிருப்பதெல்லாம் நீர். எஸ்டர் மூலக்கூறுகள் அந்த எண்ணெயை விட்டு நீருக்குள் ஒவ்வொன்றாக, மனமில்லாமல் இறங்குகின்றன. அப்படி இறங்கி ரத்தத்துக்கு வந்ததும், எஸ்டரேஸ் என்ற நொதிகள் வாலை வெட்டிவிடும். இந்த வெட்டு வெகு சீக்கிரம் நடக்கிற வேலை. மிஞ்சுவது உடம்பு தானே சுரக்கும் அதே டெஸ்டோஸ்டிரோன், ஓர் அணு கூட வித்தியாசம் இல்லை. வெட்டிய வால் ஒரு சாதாரணக் கொழுப்பு அமிலம், அதை உடம்பு எரித்துவிடும்.

ஒரு ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி என்பது எண்ணெய், மதகு என்பது வால், வாய்க்கால் என்பது ரத்தம். வாய்க்காலில் விட்ட தண்ணீர் நிற்காமல் ஓடிப்போகும். ரத்தத்தில் தனி டெஸ்டோஸ்டிரோனின் அரை ஆயுள் 10 முதல் 100 நிமிடம்தான். ஆனாலும் மதகு திறந்திருக்கும் நாள் வரைக்கும் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். "ஈனாந்தேட்டின் அரை ஆயுள் நாலரை நாள்" என்பது வாய்க்காலைப் பற்றிய எண்ணே அல்ல, ஏரி வடியும் வேகம் அது. மருந்தியலில் இதை ஃபிளிப் ஃபிளாப் என்பார்கள். வழக்கமாக மருந்து உள்ளே வருவது வேகமாகவும் வெளியே போவது மெதுவாகவும் இருக்கும். இங்கே அது தலைகீழ்.

வால் இல்லாமல் எண்ணெயில் கரைத்துப் போட்டால் மதகு இல்லாத ஏரிதான்.

#5 கதிர்

வணக்கம். நான் திருநம்பி, நாலு வருடமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். முதலில் எனக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான். கடைசி வாரம் என்னை நானே தூக்கிச் சுமப்பது போல இருக்கும். மருத்துவரிடம் சொன்னதும் மொத்த அளவை மாற்றாமல் வாரம் ஒருமுறையாகப் பிரித்துக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிட்டது.

ஐயாவின் கணக்குப்படி இது எவ்வளவு குறையும்?

#6 பழைய மருந்தாளுநர்

(கதிர் கேட்டதற்கு) அதே நாலரை நாள் அரை ஆயுளை வைத்தால், 21 நாளுக்கு ஒருமுறை போடும்போது உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் 25 மடங்கு வித்தியாசம். 14 நாள் என்றால் கிட்டத்தட்ட 9 மடங்கு. வாரம் ஒருமுறை என்றால் 3 மடங்கு. காகிதக் கணக்குத்தான். நிஜத்தில் ஊசி போட்ட உடனே உச்சம் வருவதில்லை, ஓரிரு நாள் எடுக்கும். ஆனாலும் போக்கு இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முறையை மாற்றிய முதல் வாரமே பலன் தெரியவில்லை என்று சோர்ந்துவிடக் கூடாது. அளவு ஒரு நிலைக்கு வர நாலைந்து அரை ஆயுள் காலம் ஆகும், ஈனாந்தேட்டுக்கு அது மூன்று வாரம்.

#7 தாமிரபரணி

டீச்சர், நீங்கள் எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். வாழைப்பழ வாசனை என்று வந்த இடத்தில் நிறுத்தி, "அக்கா, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாசனைக்கும் இந்த ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்காவது தெரியுமா?

#8 வேதியியல் டீச்சர்

கருவில் இருக்கும்போது, பருவமடையக் கட்டளையிடும் நரம்பு செல்கள் மூக்குப் பகுதியில்தான் பிறக்கின்றன. அங்கிருந்து வாசனை நரம்புகளைப் பிடித்துக்கொண்டே மூளைக்குள் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி வரை நடந்து போகின்றன. கால்மனில் அந்தப் பாதை சரியாக அமைவதில்லை. பாதை இல்லாததால் வாசனையும் இல்லை, கட்டளையும் போய்ச் சேரவில்லை. தம்பியிடம் சொல்லுங்கள், அவன் உடம்பில் மற்ற எல்லாம் தயாராகத்தான் இருந்தது, கட்டளைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

#9 வெண்பா

எனக்கு ஒரு சந்தேகம். நான் திருநங்கை. ஈஸ்ட்ராடையால் வேலரேட் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை 2 மி.கி. எடுக்கிறேன். தினமும் சாப்பிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தோழி அதே வேலரேட்டை ஊசியாக வாரம் ஒருமுறை போட்டுக்கொள்கிறாள். வால் ஒன்றுதானே? என் மாத்திரை ஏன் ஒரு வாரம் நிற்கவில்லை?

#10 வேதியியல் டீச்சர்

இந்தக் கேள்வியால் நான் முன்பு எழுதியதில் இருந்த ஓட்டை அடைபடுகிறது. வால் மட்டும் இருந்தால் போதாது, ஏரியும் வேண்டும். மாத்திரை வயிற்றுக்குள் போனதும் குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் வாலை உடனே வெட்டிவிடும். ஏரி கட்டவே அங்கே இடமில்லை. அதனால் வாய்வழி வேலரேட் கிட்டத்தட்ட சாதா ஈஸ்ட்ராடையால் மாதிரிதான், தினமும் வேண்டும்.

இதற்கு இன்னும் அழுத்தமான உதாரணம் டெஸ்டோஸ்டிரோன் அன்டெக்கனோயேட். 40 மி.கி. கேப்ஸ்யூலாக வருவதைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். நிணநீர் வழியாகக் கொஞ்சம் ரத்தத்துக்கு வரும், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே மூலக்கூறை விளக்கெண்ணெயில் கரைத்துத் தசையில் 1000 மி.கி. போட்டால் 10 முதல் 14 வாரம் வரை வரும்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். சீனாவில் அன்டெக்கனோயேட்டைத் தேயிலை விதை எண்ணெயில் கரைத்துப் போட்டார்கள். அரை ஆயுள் சுமார் 21 நாள். விளக்கெண்ணெயில் சுமார் 34 நாள்.

#11 செவிலி ஆரோக்கியம்

எண்ணெய் என்றதும் வந்துவிட்டேன். இருபது வருடமாக ஊசி போடுகிறவள். இந்த மருந்துகளின் அட்டையில் உள்ள எண்ணெய்களைப் படித்தால் நம் சமையலறை மாதிரியே இருக்கும். ஈனாந்தேட் பலவற்றில் நல்லெண்ணெய். சைபியோனேட்டில் பருத்திக்கொட்டை எண்ணெய். அன்டெக்கனோயேட்டில் விளக்கெண்ணெய். சஸ்டனான் என்று நான்கு எஸ்டர் கலந்து வருவதில் கடலை எண்ணெய். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதைப் போடவே கூடாது. ஊசி போடும் முன் இதைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு, நீங்களே சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் ஊசி கெட்டியாக இருக்கும். ஆம்பூலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினால் எளிதாக இறங்கும். மெதுவாகத் தள்ள வேண்டும், அன்டெக்கனோயேட் 4 மி.லி. என்றால் இரண்டு நிமிடமாவது எடுக்க வேண்டும். இடுப்பின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். வீட்டில் நிறைய பேர் இதை இன்சுலின் மாதிரி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். வேண்டாம். குளிரில் மருந்து படிகமாகிவிடும். அறை வெப்பத்தில் வைத்தால் போதும்.

அன்டெக்கனோயேட் போட்ட உடனே வீட்டுக்கு ஓடாதீர்கள். எண்ணெய் தவறி ரத்தக் குழாயில் போனால் நுரையீரலுக்குச் சென்று இருமல், மூச்சுத்திணறல், மயக்கம் வரலாம். அரிதுதான். ஆனாலும் அமெரிக்காவில் 2014இல் இந்த ஊசிக்கு அனுமதி கொடுத்தபோதே, போட்டபின் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே உட்கார வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அந்த அரை மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

#12 கார்முகில்

என் அண்ணனுக்கு மாதம் ஒருமுறை மனநலப் பிரிவில் ஃபுளூஃபெனசின் டெக்கனோயேட் போடுகிறார்கள். பெயரில் அதே டெக்கனோயேட் இருக்கிறதே. அதுவும் ஹார்மோனா?

#13 பழைய மருந்தாளுநர்

ஹார்மோன் இல்லை தம்பி, மனநோய்க்கான மருந்து. ஆனால் தந்திரம் இதே தந்திரம்தான். 10 கார்பன் வால், நல்லெண்ணெய். ஹாலோபெரிடால் டெக்கனோயேட்டும் அப்படியே. தினமும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். அதே காரணத்தால் பக்கவிளைவு வந்தாலும் ஒரே நாளில் போகாது, வாரக்கணக்கில் இருக்கும். அண்ணனுக்குக் கை நடுக்கம், உடம்பு விறைப்பு ஏதாவது தெரிந்தால் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் முன்பே போய்ச் சொல்லுங்கள்.

#14 இரும்புத்தோள்

ஜிம்மில் பயிற்சியாளர் ஈனாந்தேட் வாரம் 250 போடலாம் என்கிறார். சஸ்டனான் நான்கு எஸ்டர் கலந்ததால் அளவு நேர்கோடாக இருக்குமாம், அதுதான் பாதுகாப்பு என்கிறார். எனக்கு 26 வயது, எந்தக் குறைபாடும் இல்லை. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

#15 பழைய மருந்தாளுநர்

கேட்டதே நல்லது. நேராகச் சொல்கிறேன், போடாதீர்கள்.

1990இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஓர் ஆய்வு வெளியானது. ஆரோக்கியமான 271 ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஈனாந்தேட் வாரம் 200 மி.கி. போட்டுப் பார்த்தார்கள். எதற்காகத் தெரியுமா? ஆண்களுக்கான கருத்தடையாக. பெரும்பாலோருக்கு விந்தணு அடியோடு நின்றுபோனது. உங்கள் பயிற்சியாளர் சொல்லும் அளவு அதைவிட அதிகம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், "இங்கே போதுமான அளவு இருக்கிறது" என்று மூளை கட்டளையை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும். ஊசியை நிறுத்திய பிறகு திரும்பி வரப் பல மாதம் ஆகும்.

சஸ்டனானில் 30 மி.கி. புரோப்பியோனேட், 60 ஃபினைல்புரோப்பியோனேட், 60 ஐசோகேப்ரோயேட், 100 டெக்கனோயேட். சின்ன வால் முதலில், பெரிய வால் கடைசியில் என்ற எண்ணம் காகிதத்தில் அழகாக இருக்கும். நடப்பில் முதல் சில நாட்களில் எல்லாமே சேர்ந்து வருவதால் உச்சம் அங்கேயும் உண்டு. நேர்கோடு கிடையாது.

ரத்தம் கெட்டியாவதையும் சொல்லிவிடுகிறேன். லேப் ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது அது. டெஸ்டோஸ்டிரோன் அதை ஏற்றும். முறைப்படி சிகிச்சை எடுப்பவர்களுக்கே 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தச் சொல்கிறார்கள். ஜிம்மில் யார் அதைப் பார்க்கிறார்கள்? என் கடைக்குச் சீட்டில்லாமல் இதைக் கேட்டு வந்த பையன்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

#16 மட்டுறுத்துநர்

சீட்டில்லாமல் வாங்குவது பற்றியோ, யாருக்கு எத்தனை மி.கி. என்று பரிந்துரைத்தோ எழுதும் பதிவுகள் நீக்கப்படும். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைத் தாராளமாகப் பேசலாம்.

#17 தாமிரபரணி

ஐயா, விந்தணு நின்றுபோகும் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. தம்பிக்கு ஆறு வருடமாக இதைத்தான் போடுகிறோம். அவனுக்குக் குழந்தையே பிறக்காதா?

#18 பழைய மருந்தாளுநர்

மன்னியுங்கள், தங்கை. அது உங்கள் தம்பிக்கு எழுதியது இல்லை. பயப்படாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசியால் விந்தணு உற்பத்தி வராது என்பது உண்மை. ஆனால் கால்மன் உள்ளவர்களுக்குக் குழந்தை வேண்டும் என்ற கட்டத்தில் இந்த ஊசியை நிறுத்திவிட்டு, எச்.சி.ஜி., எஃப்.எஸ்.ஹெச். என்ற வேறு ஊசிகளைக் கொடுப்பார்கள். மூளை அனுப்ப வேண்டிய கட்டளையை அவை நேரடியாக விரைக்கே கொண்டுபோகும். பல மாதம் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகும், செலவும் உண்டு. ஆனாலும் இப்படி அப்பாவானவர்கள் நிறைய. கல்யாணப் பேச்சு எடுக்கும் முன்பே மருத்துவரிடம் பேசித் திட்டமிட்டு வையுங்கள்.

#19 கதிர்

மருத்துவர்கள் இதை முதல் நாளே சொன்னால் என்ன? எனக்கும் ஊசி ஆரம்பித்து ஒரு வருடம் கழித்துத்தான் கருமுட்டை சேமிப்பு பற்றி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். போட்டால் மாதக்கணக்கில் உடம்பில் நிற்கும் மருந்தைப் போடும் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டாமா?

#20 செவிலி ஆரோக்கியம்

கதிர் சொல்வதை நானும் சொல்வேன், ஆனால் வேறு ஓர் ஊசியை வைத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடும் அந்தரா கருத்தடை ஊசி, 2017லிருந்து நடக்கிறது. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட் 150 மி.கி., மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நல்ல ஊசி, கணவரிடமோ மாமியாரிடமோ விளக்கம் சொல்ல முடியாத பல பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மாதவிலக்கு தாறுமாறாகும், பலருக்கு நின்றே போகும். நிறுத்திய பிறகு மறுபடி கரு தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகலாம். இதைச் சொல்லாமல் போட்டால், விலக்கு நின்றதும் "எனக்கு என்னமோ செய்துவிட்டார்கள்" என்று அந்தப் பெண் அழுதுகொண்டு வருவாள். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு அவசரத்தில் நானே சொல்லாமல் விட்டேன். ஒரு மாதம் கழித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு ஒருவரையும் விட்டதில்லை.

டீச்சருக்கு ஒரு கேள்வி: இது எண்ணெய் இல்லையே, பால் போல வெள்ளையாக இருக்கிறது. குலுக்கி எடுக்க வேண்டும், போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பார்கள். இது எப்படி மூன்று மாதம் நிற்கிறது?

#21 வேதியியல் டீச்சர்

அருமையான கேள்வி, சிஸ்டர். பெயரில் அசிட்டேட் என்ற வால் இருந்தாலும் இங்கே வால் மதகு இல்லை. 2 கார்பன்தான், அதுவும் உடம்பு அதை வெட்டுவதில்லை, வாலோடேயே மருந்து வேலை செய்கிறது. வெள்ளையாகத் தெரிவது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய படிகங்கள். தசைக்குள் அவை கற்கண்டு மாதிரி மெல்ல மெல்லக் கரைகின்றன. குலுக்காவிட்டால் படிகம் அடியிலேயே தங்கி அளவு குறையும். தேய்த்தால் படிகம் பரவிச் சீக்கிரம் கரைந்துவிடும். ஆகவே பெயரைப் பார்த்து மட்டும் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்லிவிட முடியாது.

எண்ணெய் வழியில் வரும் கருத்தடை ஊசியும் உண்டு: நார்எதிஸ்டிரோன் ஈனாந்தேட் 200 மி.கி., இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தம்பியின் ஊசியில் இருக்கும் அதே ஈனாந்தேட். இந்தியாவில் 1980களில் இதைச் சோதித்தபோது, பெண்களுக்கு விவரம் சொல்லாமலேயே போடுகிறார்கள் என்று ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா முதலிய பெண்கள் அமைப்புகள் 1986இல் உச்ச நீதிமன்றம் வரை போயின. கதிர் கேட்பது அவர்கள் கேட்டதேதான்.

#22 வெண்பா

இதையெல்லாம் யார் முதலில் கண்டுபிடித்தது?

#23 பழைய மருந்தாளுநர்

டெஸ்டோஸ்டிரோனைக் காளை விரையிலிருந்து பிரித்தது 1935இல், ஆம்ஸ்டர்டாமில் லாக்கரின் குழு. அதே வருடம் பூட்டனாண்ட், ருசிக்கா இருவரும் தனித்தனியே அதைச் செயற்கையாகச் செய்தார்கள், 1939இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அடுத்த ஓரிரு வருடத்தில் புரோப்பியோனேட் வந்துவிட்டது. ஆனால் அதை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும். நீண்ட வாலைக் கட்டிப் பார்த்து வாரக்கணக்கில் நிற்க வைத்தது 1950களில், பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தில் வேலை செய்த கார்ல் யுங்க்மன். ஈனாந்தேட், ஈஸ்ட்ராடையால் வேலரேட், நார்எதிஸ்டிரோன் ஈனாந்தேட் எல்லாம் அந்த ஆய்வகத்து வேலை. எழுபது வருடமாகிறது, இன்றைக்கும் உங்கள் தம்பிக்குப் போடுவது அதேதான்.

#24 தாமிரபரணி

நேற்று மருத்துவரிடம் போய்வந்தோம். ஐயாவின் கணக்கையும், தம்பி இரண்டு மாதமாக நாள்தோறும் எழுதிவந்த குறிப்பையும் கொடுத்தேன். எப்படித் தூங்கினான், எப்போது கோபம் வந்தது, எந்த நாளில் படுத்தான் என்று எல்லாம் இருந்தது. அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். முழுவதையும் படித்துவிட்டு, "இவ்வளவு விவரமாக யாரும் எழுதி வருவதில்லை" என்றார். அளவைக் குறைத்துப் பத்து நாளுக்கு ஒருமுறை என்று மாற்றியிருக்கிறார். இது ஒத்துவராவிட்டால் அன்டெக்கனோயேட் என்ற மூன்று மாத ஊசியைப் பார்க்கலாம் என்றார், விலை கொஞ்சம் அதிகம்.

ஒரு விஷயம் மற்றவர்களுக்கும் உதவும். இதுவரை ரத்தப் பரிசோதனையை நாங்கள் லீவு கிடைத்த நாளில் எடுத்தோம். ஒருமுறை ரொம்ப அதிகம், ஒருமுறை ரொம்பக் குறைவு என்று வந்து குழம்பினோம். ஈனாந்தேட் போடுபவர்கள் இரண்டு ஊசிக்கு நடுவில் உள்ள நாளில் எடுக்க வேண்டுமாம். மூன்று மாத ஊசி என்றால் அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன்னால். எந்தத் தேதியில் ஊசி போட்டது என்பதை லேப் சீட்டிலேயே எழுதச் சொன்னார். பி.சி.வி.யும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

குழந்தை பற்றியும் கேட்டேன். ஐயா சொன்னதையே சொன்னார். தம்பி என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை, வெளியே வந்ததும் இரண்டு டீ வாங்கினான்.

புதிய முறையில் முதல் ஊசி நேற்றே போட்டாகிவிட்டது. நாலாவது ஊசிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ரத்தம் எடுக்க வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.